பெரியவர்களைக் காக்காத ஊசி: செங்கல்பட்டு ஆய்வும் காசநோய்த் தடுப்பூசித் தேடலும்

1968 ஜூலையில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் காசநோயை பிசிஜி தடுப்பூசி தடுக்கிறதா என்று பார்க்க ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். பதிந்த பெயர்கள் மட்டும் 3,66,625. காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற பொருளைத் தோலுக்குள் ஏற்றி, சில நாள் கழித்து வந்து, அந்த இடம் எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று அளந்தார்கள்; தடித்திருந்தால் உடம்பு அந்தக் கிருமியையோ அதன் உறவையோ முன்பே சந்தித்திருக்கிறது என்று பொருள். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே. படத்தில் சந்தேகம் தட்டினால் சளிப் பரிசோதனை. கைக்குழந்தை முதல் முதியவர் வரை 2,81,161 பேருக்கு பிசிஜி தடுப்பூசியோ, மருந்தில்லாத போலி ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய இந்த ஆய்வில், அன்று கிடைத்தவற்றில் வீரியமானவை என்று பெயரெடுத்த பாரிஸ், டென்மார்க் வகை பிசிஜிகளையே பயன்படுத்தினார்கள்.

ஏழரை ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு 1979-இல் முடிவு வந்தது. ஊசி போட்டவர்களுக்கும் போலி ஊசி போட்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்திருந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999-இல் வெளியானபோதும் பெரிதாக எதுவும் மாறவில்லை. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. சிறுவர்களுக்கு 27 சதவீதம், அதுவும் உறுதியான எண் அல்ல, தற்செயலாகவே வந்திருக்கலாம்.

இந்த முடிவு ஏன் அப்படி அதிர வைத்தது என்பதற்கு அதற்கு முந்தைய கதை வேண்டும். பிசிஜி பிறந்தது பிரான்சின் லீல் நகரத்தில். கால்மெத், கெரான் என்ற இருவர் 1908-இல் மாட்டுக் காசநோய்க் கிருமி ஒன்றை எடுத்து, மாட்டுப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றி வளர்த்துக்கொண்டே போனார்கள். பதிமூன்று ஆண்டுகளில் சுமார் 230 முறை மாற்றியதும் கிருமி நோய் உண்டாக்கும் திறனை இழந்திருந்தது. 1921-இல் பாரிஸில் முதன்முதலாக ஒரு பச்சிளங்குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1950-இல் பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய ஆய்வில் அது முக்கால் பங்குக்கு மேல் நோயைத் தடுத்தது. ஆனால் பிசிஜி அமெரிக்காவின் தென்மாநிலங்களான ஜார்ஜியா, அலபாமாவில் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யவில்லை. இந்தியாவில் அதற்குள் வேலை வெகுதூரம் போயிருந்தது. 1948-இல் சென்னைக் கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் ஆய்வுக்கூடம் திறந்து, நாடெங்கும் கோடிக்கணக்கானோருக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். 1955-இல் ராஜாஜி இதை வெளிப்படையாக எதிர்த்தார். அவர் முன்வைத்த காரணங்கள் பலவற்றை இன்று ஏற்க முடியாது. ஆனால் இந்த ஊசி நம் ஊரில் வேலை செய்யும் என்பதற்கு நம் ஊரில் எடுத்த ஆதாரம் அன்று இல்லை என்பது உண்மை. அந்த ஆதாரத்தைத் தேடித்தான் திருவள்ளூர்க் கிராமங்களுக்குப் போனார்கள்.

செங்கல்பட்டு ஆய்வைத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. மருந்து தோற்றது, ஆய்வு ஜெயித்தது. காசநோய்க்கு எதிராக உடம்பு என்ன செய்கிறது என்பது நாம் நினைத்த மாதிரி இல்லை என்று இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு ஒழுங்காக அதுவரை யாரும் காட்டியதில்லை.

ஏன் வேலை செய்யவில்லை? பல விளக்கங்கள் வந்தன. தென்னிந்தியக் காசநோய்க் கிருமிகளில் ஒரு வகை கினிப்பன்றிகளில் வீரியம் குறைந்ததாக இருப்பது சென்னை ஆய்வுகளில் முன்பே தெரிந்திருந்தது. ஊட்டக்குறைவைச் சிலர் சுட்டினார்கள். இன்று பலர் நம்பும் விளக்கம் மண்ணையும் தண்ணீரையும் பற்றியது. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, பெரும்பாலும் தீங்கு செய்யாத மைக்கோபாக்டீரியங்கள் வெப்பநாடுகளின் மண்ணிலும் குளத்திலும் ஏராளம். திருவள்ளூர்ப் பிள்ளைகளின் உடம்பு பள்ளிக்கூட வயதிலேயே அவற்றோடு பழகியிருந்ததை டியூபர்குலின் சோதனைகள் காட்டின. அந்தப் பழக்கமே கொஞ்சம் பாதுகாப்பைத் தந்துவிட்டால், அதன்மேல் போடும் பிசிஜி, நிரம்பிய குடத்தில் ஊற்றிய செம்புத் தண்ணீர் மாதிரி வழிந்து போய்விடும். இன்னொரு வழியும் உண்டு. பிசிஜி உயிருள்ள ஊசி. தோலுக்குள் போய்ச் சில வாரம் பெருகினால்தான் அது உடம்புக்குப் பாடம் நடத்தும். முன்பே பழகிய உடம்பு அதைப் பெருகவே விடாமல் அழித்துவிடலாம்.

இரண்டுக்கும் சான்று இருக்கிறது. 2002-இல் ஆப்பிரிக்க நாடான மலாவியையும் பிரிட்டனையும் சேர்ந்த இளைஞர்களை ஒப்பிட்டார்கள். மலாவி இளைஞர்களின் ரத்தத்தில் ஊசிக்கு முன்பே காசநோய்க் கிருமிக்கு எதிரான வினை இருந்தது. ஊசி அதைக் கொஞ்சம்தான் கூட்டியது. பிரிட்டன் இளைஞர்களிடம் ஒன்றுமில்லாத இடத்தில் பெரிய ஏற்றம் தெரிந்தது. உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தாலும், பூமத்தியரேகையை நெருங்க நெருங்க பிசிஜியின் பலன் குறைகிறது. ஏற்கெனவே தொற்றோ பழக்கமோ இல்லாத சிறுவர்களுக்குப் போடும்போதுதான் அது நன்றாக வேலை செய்கிறது.

அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு பிசிஜி போடுகிறோம், அதை நிறுத்தச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. மூளை உறையைத் தாக்கும் காசநோயும், உடம்பெங்கும் பரவும் காசநோயும் சின்னக் குழந்தைகளைக் கொல்லும் நோய்கள். அவற்றில் நான்கில் மூன்று பங்கை இந்த ஊசி தடுக்கிறது. தோளில் இருக்கும் தழும்பு அந்தப் பருவத்துக்கான கவசம்தான். முப்பது வயதில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், ‘எனக்குத் தழும்பு இருக்கிறதே’ என்று சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணமே ஆகாது. நோயைப் பரப்புவது பெரும்பாலும் பெரியவர்களின் நுரையீரல் காசநோய் என்பதால், குழந்தைகளை மட்டும் காக்கும் ஊசியால் பரவலை நிறுத்தவும் முடியவில்லை. 2023-இல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர்.

சரி, கிருமி உள்ளே போனதும் என்ன நடக்கிறது? இருமலில் வெளியேறும் நுண்ணிய துளி ஒன்று மூச்சோடு போய், நுரையீரலின் கடைசிக் காற்றறையில் இறங்குகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கணு அதை உடனே விழுங்குகிறது. வேறு கிருமியாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், ஏனென்றால் விழுங்கியதை அமிலப்பையோடு சேர்த்துக் கரைப்பதுதான் விழுங்கணுவின் வேலை. காசநோய்க் கிருமி அந்தச் சேர்க்கையையே தடுத்துவிடுகிறது. தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே தங்கிப் பெருகுகிறது, அதுவும் ஆற அமர. குடலில் இருக்கும் ஈ-கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகும்போது, இது இரண்டாக ஏறத்தாழ இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அவசரமில்லாததால் ஆரவாரமும் இல்லை. எதிரியை அடையாளம் கண்டு படை திரட்டும் டி செல்கள் நுரையீரலுக்கு வந்து சேரவே வாரக்கணக்காகிவிடுகிறது. தொற்று ஏற்பட்டு இரண்டிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் டியூபர்குலின் சோதனை தடிப்புக் காட்டும். அதற்குள் கிருமி காலூன்றிவிடும்.

டி செல்கள் வந்ததும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது விழுங்கணுவைத் தூண்டிவிட்டு, உள்ளே இருப்பதைக் கொல்லவைக்கிறது. பல செல்கள் சேர்ந்து கிருமியைச் சுற்றி ஒரு முடிச்சு போடுகின்றன. இதைத்தான் கிரானுலோமா என்கிறார்கள். இந்த ஏற்பாடு எவ்வளவு அவசியம் என்பதற்குச் சான்று நோயாளிகளிடமே இருக்கிறது. இன்டர்ஃபெரான் காமா வேலை செய்யாத பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கு, சாதாரணக் குழந்தையை ஒன்றும் செய்யாத பிசிஜியே நோயாக மாறிவிடுகிறது. டி செல்களை அழிக்கும் எச்ஐவி காசநோயைப் பன்மடங்கு கூட்டுகிறது. முடக்குவாதத்துக்காக, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை அடக்கும் மருந்து எடுத்தவர்களுக்கு, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த காசநோய் விழித்துக்கொண்டதை 2001-இல் கண்டுபிடித்தார்கள். உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்தத் தொற்று என்றோ ஏற்பட்டிருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆவது நூற்றில் ஐந்திலிருந்து பத்துப் பேர்தான். அப்படியென்றால் மனித உடம்புக்கு இந்தக் கிருமியை அடக்கத் தெரிகிறது. எப்படி என்று நமக்குத்தான் முழுசாகத் தெரியவில்லை.

இன்டர்ஃபெரான் காமா வேண்டும் என்பது சரி, அது மட்டும் போதுமா என்ற கேள்விக்குக் கசப்பான பதில் 2013-இல் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எம்விஏ85ஏ என்ற தடுப்பூசியை, பிசிஜி போட்ட குழந்தைகளுக்கு மேலதிகமாகப் போட்டுத் தென்னாப்பிரிக்காவில் சோதித்தார்கள். சுமார் 2,800 குழந்தைகள். விலங்குகளிலும் மனிதர்களின் ரத்தத்திலும் டி செல்களை நன்றாகவே தூண்டிய ஊசி அது. நோயைத் தடுத்ததில் கிடைத்த எண் 17 சதவீதம், இருக்கிறது என்றே சொல்ல முடியாத அளவு. ரத்தத்தில் எதை அளந்து ‘இது பலிக்கும்’ என்று சொன்னார்களோ, அந்த அளவுகோலே சந்தேகத்துக்கு ஆளானது.

அம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது. காசநோய் அப்படியில்லை. கேப்டவுனில் நோய் வந்து முழுசாகக் குணமானவர்களைப் பின்தொடர்ந்தபோது, புதிய தொற்றால் மறுபடி நோய் வருவது மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்காக இருந்ததை 2005-இல் காட்டினார்கள். அதற்கு நேரெதிராக இன்னொரு கணக்கும் உண்டு. மருந்து கண்டுபிடிப்பதற்கு முந்தைய காலத்தில் காசநோய் வார்டுகளில் வேலை பார்த்த செவிலியர், மருத்துவ மாணவர் பற்றிய பழைய பதிவுகளை 2012-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முன்பே தொற்று இருந்தும் நோய்வாய்ப்படாமல் இருந்தவர்களுக்கு, புதிதாகத் தொற்றியவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 79 சதவீதம் குறைவு. ஆக, தொற்றை அடக்கிய உடம்பு எதையோ கற்றுக்கொள்கிறது. அடக்க முடியாமல் நோயில் விழுந்த உடம்பில், மருந்து கிருமியைக் கொன்ற பிறகும் ஏதோ ஒன்று பழுதாகவே நிற்கிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2010-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு. ஃப்ளூ மாதிரியான கிருமிகள் நம் எதிர்ப்பாற்றல் எந்தப் பகுதியைப் பார்த்து அடையாளம் காண்கிறதோ, அந்தப் பகுதியைத்தான் மாற்றிக்கொண்டே இருக்கும். பிடிபடாமல் தப்பிக்க அது ஒன்றே வழி. உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த காசநோய்க் கிருமிகளின் மரபணுக்களைப் படித்தபோது தலைகீழாக இருந்தது. நம் டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகளே எல்லாவற்றையும்விட மாறாமல் இருந்தன. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழும் கிருமி, தன் முகத்தை மறைக்கவே முயலவில்லை.

ஏன்? டி செல்கள் தன்னைக் கண்டு வினை புரிவதில் கிருமிக்கே ஆதாயம் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். பெரியவர்களின் நுரையீரலில் காசநோய் குழி பறிப்பது கிருமியின் விஷத்தால் அல்ல, நம் எதிர்ப்பாற்றல் கொதித்தெழுந்து தன் திசுவையே அரிப்பதால். அந்தக் குழி மூச்சுக்குழாயில் திறக்கும்போதுதான் கோடிக்கணக்கான கிருமிகள் இருமலில் ஏறி அடுத்தவரைத் தேடிப் போகின்றன. எச்ஐவியால் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களிடம் இந்தக் குழிகள் அரிது. கிரானுலோமாவைப் பற்றிய எண்ணமும் மாறிவிட்டது. கேம்பிரிட்ஜில் இருக்கும் லலிதா ராமகிருஷ்ணனின் குழு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் வரிக்குதிரை மீன்குஞ்சுகளுக்குள் காசநோயின் நெருங்கிய உறவுக் கிருமியைச் செலுத்தி, முடிச்சு உருவாவதை நேரிலேயே பார்த்தது. சிறை என்று நினைத்திருந்த அந்த முடிச்சு, தொடக்க நாட்களில் கிருமிக்குப் புதுப்புது விழுங்கணுக்களை அழைத்துக் கொடுத்துப் பெருகவே உதவியது.

தடுப்பூசி செய்பவருக்கு இதில் பெரிய எச்சரிக்கை இருக்கிறது. எதிர்ப்பாற்றலைக் கூட்டினால் போதும் என்று கிளம்பினால், கிருமிக்கு வேண்டிய வகையையே கூட்டிவிட நேரலாம். எவ்வளவு என்பதைவிட எந்த வகை, எந்த இடத்தில், எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கேள்வி. உகாண்டாவில் நோயாளியோடு ஒரே வீட்டில் நெடுநாள் இருந்தும் வழக்கமான சோதனைகளில் தொற்றே காட்டாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ரத்தத்தை நுணுகிப் பார்த்து 2019-இல் எழுதினார்கள். கிருமியைப் பார்த்த தடயம் இருக்கிறது. வேறு விதமான எதிர்ப்பொருள்களும், இன்டர்ஃபெரான் காமா சுரக்காத டி செல்களும் இருக்கின்றன. நாம் வழக்கமாக அளக்கும் ஒன்று மட்டும்தான் இல்லை.

இப்போது கையில் இருப்பவற்றில் முன்னால் நிற்பது எம்72 என்ற தடுப்பூசி. கிருமியின் இரண்டு புரதங்களை ஒட்டி ஒன்றாக்கி, எதிர்ப்பாற்றலைக் கூடுதலாகத் தூண்டும் ஏஎஸ்01 என்ற துணைமருந்தோடு கலந்தது. அந்தத் துணைமருந்தின் ஒரு கூறு சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டையிலிருந்து வருகிறது. மலேரியா ஊசியிலும் அக்கி ஊசியிலும் இதே துணைமருந்துக் குடும்பம்தான். கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியாவில், உள்ளே தொற்று இருந்தும் நோய் வராத 3,500-க்கு மேற்பட்ட பெரியவர்களிடம் சோதித்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 13 பேருக்கும், போலி ஊசி போட்டவர்களில் 26 பேருக்கும் நுரையீரல் காசநோய் வந்தது. ஏறத்தாழ பாதி. பிசிஜிக்குப் பிறகு, தொற்றுள்ள பெரியவர்களை ஒரு தடுப்பூசி காக்கும் என்பதற்குக் கிடைத்த முதல் நல்ல சேதி இதுதான்.

அந்தச் சேதியின் முதல் பகுதி வந்தது 2018-இல். மூன்றாம் கட்ட ஆய்வின் முதல் ஊசி தென்னாப்பிரிக்காவில் போடப்பட்டது 2024 மார்ச்சில். இடையில் ஊசி உருவாக்கிய ஜிஎஸ்கே நிறுவனத்திடமிருந்து கேட்ஸ் அறக்கட்டளையின் ஆய்வு நிறுவனத்துக்கு 2020-இல் உரிமம் கைமாறியது. கோவிட் ஊசி ஒரே ஆண்டில் கைக்கு வந்ததைப் பார்த்த தலைமுறை நாம். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்லும் நோய்க்கு, பாதி பலன் தெரிந்த ஊசி அடுத்த கட்டத்துக்குப் போகவே ஆறு ஆண்டுகள். நோயாளிகள் பெரும்பாலும் ஏழைகள், ஏழை நாடுகளில் இருப்பவர்கள். அது தவிர வேறு காரணம் எதுவும் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

மூன்றாம் கட்ட ஆய்வு சுமார் 20,000 பேரை வைத்து, ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றோடு இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் நடக்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஓர் ஊரில் பலித்த ஊசி இன்னோர் ஊரில் பலிக்காமல் போகலாம் என்பதை நம் மண்ணிலேயே விலை கொடுத்துக் கற்ற நாடு நாம். ஆப்பிரிக்காவில் நல்ல முடிவு வந்தாலும், இங்கே தனியாகச் சோதித்துப் பார்ப்பதற்கான ஏற்பாடு இப்போதே தொடங்கியிருக்க வேண்டும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் சரகோசாவில் உருவான எம்டிபிவாக், மாட்டுக் கிருமியை விட்டுவிட்டு மனிதக் காசநோய்க் கிருமியையே எடுத்து இரண்டு மரபணுக்களை நீக்கிப் பலவீனமாக்கியது. பிசிஜி ஆய்வகத்தில் தொலைத்துவிட்ட மரபணுப் பகுதிகள் இதில் இருப்பதால், உடம்புக்கு அசல் எதிரியின் அடையாளம் நிறையவே தெரியும் என்பது எதிர்பார்ப்பு. ஆப்பிரிக்காவில் பச்சிளங்குழந்தைகளிடம் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் பெரியவர்களிடம் சோதனை 2024-இல் தொடங்கியது. பிசிஜியை மரபணு மாற்றிச் செய்த விபிஎம்1002, இந்தியாவில் நோயெதிர்ப்பு அறிவியலாளர் ஜி.பி. தல்வார் கண்டெடுத்த கிருமியிலிருந்து வந்த இம்யுவாக் ஆகிய இரண்டையும் 2019 முதல் நோயாளிகளின் வீட்டார் சுமார் 12,000 பேரிடம் ஐசிஎம்ஆர் சோதித்தது.

பிசிஜியையே மறுபடி போட்டால் என்ன? 2018-இல் தென்னாப்பிரிக்கப் பதின்வயதினரிடம் நடந்த சிறிய ஆய்வு, நிலைத்த தொற்றை அது 45 சதவீதம் குறைப்பதாகச் சொன்னதும் நம்பிக்கை துளிர்த்தது. அதே கேள்வியைப் பெரிய அளவில், 1,800-க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு 2025-இல் வெளியானது. பலன் இல்லை. இந்தியாவில் சில மாநிலங்கள் 2024-இல் பெரியவர்களுக்கு பிசிஜி போடும் ஆய்வைத் தொடங்கிவிட்டன. அதன் கணக்கு வரும்போது இந்த 2025 முடிவையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் வியப்பானது குரங்குகளில் கிடைத்த முடிவு. அமெரிக்காவில் ராபர்ட் சேடர், ஜோஆன் ஃபிளின் ஆகியோரின் குழுக்கள் அதே பழைய பிசிஜியைத் தோலுக்குப் பதில் ரத்தக் குழாயில் ஏற்றின. பத்துக் குரங்குகளில் ஒன்பது காப்பாற்றப்பட்டன. ஆறு குரங்குகளில் கிருமியின் தடயமே இல்லை. 2020-இல் வந்த இந்த முடிவு, பழுது மருந்தில் மட்டும் இல்லை, அது போய்ச் சேரும் வழியிலும் இருக்கிறது என்று காட்டியது. ரத்தக் குழாயில் ஏற்றினால் டி செல்கள் நுரையீரலுக்குள்ளேயே போய்த் தங்குகின்றன. ஆரோக்கியமான கோடிக்கணக்கான மனிதர்களுக்கு உயிருள்ள கிருமியை ரத்தக் குழாயில் ஏற்றுவது நடைமுறைக்கு ஆகாது. ஆனால் முழுப் பாதுகாப்பு பெற்ற ஓர் உடம்பு எப்படி இருக்கும் என்று பார்க்க முதல்முறையாக ஒரு மாதிரி கிடைத்திருக்கிறது. அந்தக் குரங்குகளின் ரத்தத்திலும் நுரையீரல் நீரிலும் எது கூடியிருந்தது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், புதிய ஊசியைச் சில நூறு பேரிடம் போட்டு, ரத்தத்தைப் பார்த்தே ஓரளவு தீர்ப்புச் சொல்லலாம். இன்று அது முடியாது. ஒவ்வொரு ஊசிக்கும் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி, யாருக்கு நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எம்72-வின் தீர்ப்பே 39 நோயாளிகளை வைத்து எழுதப்பட்டதுதான்.

எதிர்ப்பாற்றல் என்று பேசும்போது ஊசியோடு நின்றுவிடக் கூடாது. டேவிட் மக்மர்ரே கினிப்பன்றிகளில் நடத்திய ஆய்வுகளில், புரதம் குறைந்த தீனி தின்ற விலங்குகளுக்கு பிசிஜி தந்த பாதுகாப்பு போய்விட்டது. நல்ல தீனி கொடுத்ததும் திரும்பியது. மனிதர்களிலும் எடை ஏற ஏறக் காசநோய் குறைகிறது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ ஓர் அலகு கூடினால் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் இறங்குகிறது. இதை நேரடியாகச் சோதித்தது ஜார்க்கண்ட். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் நான்கு மாவட்டங்களில் காசநோயாளிகளின் வீட்டார் 10,345 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். மற்றப் பிரிவில் வீட்டாருக்கும் உணவுப் பொருள்: பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, அதோடு சத்து மாத்திரை. 2023-இல் முடிவு வந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாக வரும் காசநோய் 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது.

எம்72-வின் எண்ணுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். மக்களும் சூழலும் வேறு, நேரடியாக ஒப்பிட முடியாது என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் ஊட்டக்குறைவு மிகுந்த வீடுகளில் அரிசியும் பருப்பும் இன்றைய சிறந்த தடுப்பூசிக்கு இணையான வேலையைச் செய்திருக்கின்றன. குளிர்பெட்டி வேண்டாம், உரிமம் கைமாற வேண்டாம், ரேஷன் கடை இருந்தால் போதும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டதுமே எடையும் மூச்சும் பார்த்து, மிக மெலிந்தவர்களையும் அபாயத்தில் இருப்பவர்களையும் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. அது நோயாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு. மத்திய அரசு நோயாளிக்குத் தரும் மாத ஊட்டச்சத்துத் தொகையும் 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. அதே வீட்டில், அதே காற்றை மூச்சிழுத்துக்கொண்டு, இன்னும் நோய் வராமல் இருக்கும் மனைவியும் பிள்ளைகளும் வயதான பெற்றோரும் அந்த 1,000 ரூபாய்க் கணக்கில் இல்லை. ஜார்க்கண்டில் பலன் தந்தது வீட்டார் ஒவ்வொருவருக்கும் தலைக்கு அளந்து கொடுத்த அரிசியும் பருப்பும்தான். எம்72-வின் தீர்ப்பு வரும் வரை அந்த வீடுகளுக்குக் கொடுக்க நம்மிடம் இருப்பது அது. நோயாளியின் பெயரைப் பதிவு செய்யும் அன்றே வீட்டாரின் பெயர்களையும் ரேஷன் கணக்கில் சேர்த்துவிடலாம்.